முள்ளோடையைத் தாண்டினால் சாதிச் சான்றிதழ் செல்லுமா? கடலூர், புதுச்சேரி இட ஒதுக்கீட்டுச் சந்தேகங்கள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பெண் கொடுப்பதும் எடுப்பதும், படிக்கப் போவதும், வேலைக்குப் போவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆனால் சாதிப் பட்டியலும் ஒதுக்கீட்டுக் கணக்கும் எல்லையான முள்ளோடையில் மாறிவிடுகின்றன. தாலுகா ஆபீஸ் வாசலிலும், இ-சேவை மையத்திலும், கவுன்சலிங் சமயத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம். மார்க் இருந்தும் சான்றிதழ்த் தாள் சரியில்லாமல் இடம் போனவர்கள் அதிகம். அதனால் தாள் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்லியிருக்கிறோம்.

இட ஒதுக்கீடு மொத்தம் எத்தனை சதவீதம்? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்களே?

மூன்று கணக்குகள் ஓடுகின்றன, மூன்றுமே சரி. தமிழ்நாடு அரசின் வேலை, படிப்புக்கு 69 சதவீதம்: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 18, எஸ்டி 1. அந்த 18-க்குள்ளேயே அருந்ததியருக்கு 3. இதற்கான சட்டம் 1994-இல் 76-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

மத்திய அரசில் ஓபிசி 27, எஸ்சி 15, எஸ்டி 7.5, இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினர்) 10. உள்ளூர் அளவில் ஆள் எடுக்கும் மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்கு மட்டும் மாநிலவாரியான கணக்கு உண்டு; தமிழ்நாட்டுக்கு அது எஸ்சி 19, எஸ்டி 1, ஓபிசி 27. புதுச்சேரி அரசின் கணக்கு தனி: எம்பிசி 18, எஸ்சி 16, ஓபிசி 11, இபிசி (மிக மிகப் பிற்படுத்தப்பட்டோர்) 2, பிசி முஸ்லிம் 2, இவை போக பழங்குடிப் பிரிவுகளுக்குச் சிறு பங்கு.

எனவே விளம்பரத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, ஆள் எடுப்பது யார் என்பதை. புதுச்சேரியில் இருந்தாலும் ஜிப்மரும் காலாப்பட்டு பல்கலைக்கழகமும் மத்திய அரசுடையவை. கடலூர் மாவட்டத்தில் இருந்தாலும் நெய்வேலி என்எல்சி மத்திய அரசு நிறுவனம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக் கணக்கு.

ஓசின்னா முன்னேறிய சாதிக்காரங்களுக்கான கோட்டா தானே?

இல்லை. ஓசி என்பது பொதுப் போட்டி. தமிழ்நாட்டில் மீதமிருக்கும் 31 சதவீதத்தில் மார்க் வரிசைப்படி யார் வேண்டுமானாலும் வரலாம். எஸ்சி மாணவி பொதுப் பட்டியலுக்குப் போதுமான மார்க் வாங்கியிருந்தால் அவரை அங்கேதான் வைக்க வேண்டும். எஸ்சி இடத்தில் அவரை ஏற்றி ஓர் இடத்தைக் குறைக்கக் கூடாது. கவுன்சலிங்கில் "உனக்குத்தான் கோட்டா இருக்கே" என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். வயதுச் சலுகை போன்றவற்றைப் பயன்படுத்தியவருக்குப் பொதுப் பட்டியலில் இடமுண்டா என்பது மட்டும் தேர்வுக்குத் தேர்வு வேறுபடும். அறிவிக்கையைப் படிக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழுக்கு எங்க போகணும்? ஏன் திருப்பித் திருப்பி அனுப்புறாங்க?

கடலூர் மாவட்டத்தில் இ-சேவை மையம் போதும், கட்டணம் 60 ரூபாய். முதலில் ஆதாரை வைத்து கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) பதிவு, பிறகு விண்ணப்பம். புகைப்படம், ஸ்மார்ட் கார்டு, பிள்ளையின் டிசி, அப்பாவின் அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ், அது இல்லையென்றால் அவர்களது டிசி ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். விஏஓ, ஆர்ஐ வழியாக மேலே போகும். பிசி, எம்பிசிக்குக் கையெழுத்திடுபவர் துணை வட்டாட்சியர், எஸ்சிக்கு வட்டாட்சியர், எஸ்டிக்கு கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். வேறு அதிகாரி கையெழுத்திட்ட அட்டை வேலைச் சரிபார்ப்பில் சிக்கல் தரலாம்.

திரும்பி வருவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, பெயர்: ஆதாரில் ஒரு எழுத்து, டிசியில் ஒரு எழுத்து, அப்பாவின் இனிஷியல் வேறு. இரண்டு, டிசியில் "இந்து" என்று மட்டும் இருப்பது. அப்போது அப்பாவின் உடன்பிறந்தவரின் சான்றிதழையும், இருவரும் ஒரே குடும்பம் என்று காட்டும் பழைய ரேஷன் கார்டையோ வாரிசுச் சான்றையோ சேர்த்துக் கொடுங்கள். மூன்று, ஸ்கேன் மங்கல். சிரிப்பாக இருந்தாலும், விஏஓ படிக்க முடியாத படத்தை அவர் நிராகரிக்கத்தான் செய்வார்.

சாதிப் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அப்பாவுக்கு படையாச்சி, பெரியப்பாவுக்கு வன்னிய கவுண்டர் என்றிருந்தால் இரண்டும் எம்பிசி பட்டியலில் வன்னியகுல க்ஷத்திரியர் என்ற ஒரே பதிவுக்குள் வருபவை. தேவனாம்பட்டினத்துப் பட்டினவரும் செம்படவரும் பர்வதராஜகுலமும் அதே மாதிரி மீனவர் என்ற பதிவுக்குள். ஆனால் எஸ்சி பட்டியலில் ஆதிதிராவிடர், பறையர் என்பவை தனித்தனிப் பதிவுகள். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருந்தால் எஸ்சி என்ற தகுதி போகாது. விசாரணை மட்டும் நீளும். அப்பாவின் டிசியில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

புதுச்சேரியில?

புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு தாலுகாக்கள். குடியிருக்கும் பகுதியின் தாலுகா அலுவலகத்தில் வருவாய்த்துறை தரும். இங்கே சாதியோடு குடியிருப்பையும் கேட்பார்கள். 5 ஆண்டுகள் தொடர்ந்து இருந்ததைக் காட்டும் ஆவணங்கள் வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முகவரி மாறும்போதெல்லாம் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் மாற்றாமல் விட்டால் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிடும்.

நான் கடலூர், எஸ்சி. கல்யாணம் ஆகி புதுச்சேரி கிருமாம்பாக்கம் வந்துட்டேன். என் சான்றிதழ் இங்க செல்லுமா?

கல்யாணத்தால் சாதி மாறாது, எஸ்சி என்ற தகுதியும் போகாது. மாறுவது பட்டியல். அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனிப்பட்டியல் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு 1950-ஆம் ஆண்டு ஆணை, புதுச்சேரிக்கு 1964-ஆம் ஆண்டு ஆணை. ஒரு மாநிலத்து எஸ்சி வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத்து ஒதுக்கீடு கூடவே வராது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் சொல்லிவிட்டது. சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் இதே நிலைதான்.

நடைமுறையில் பிரித்துப் பாருங்கள். ஜிப்மர், ரயில்வே, வங்கி, என்எல்சி போன்ற மத்திய அரசு இடங்களுக்கு உங்கள் கடலூர் சான்றிதழே போதும். எங்கே குடியிருந்தாலும் செல்லும். தமிழ்நாடு அரசுத் தேர்வுக்கும் செல்லும். புதுச்சேரி அரசு வேலைக்கும் சென்டாக் (புதுச்சேரி அரசின் உயர்கல்விச் சேர்க்கை அமைப்பு) கவுன்சலிங்கில் எஸ்சி இடத்துக்கும்தான் சிக்கல். புதுச்சேரி ஆணையில் "வசிப்பவர்" என்றுதான் இருக்கிறது. அதைப் "பூர்வீகம்" என்று நிர்வாகம் சுருக்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-இல் அந்தச் சுருக்கம் ஏற்கப்படவில்லை. ஆகவே வெளியூர்க்காரர் என்ற ஒரே காரணத்தை வாயால் சொல்லித் திருப்பினால் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பிள்ளைகளின் விஷயம் வேறு. அவர்களின் அப்பா புதுச்சேரி எஸ்சி என்றால் அவர்களுக்குப் புதுச்சேரிச் சான்றிதழ் கிடைக்கும்.

ஒடிசாலேர்ந்து வந்து சிப்காட்ல வேலை செய்றவங்க பிள்ளைங்களுக்கு?

மேலே சொன்ன விதியே. ஒடிசா எஸ்சியின் பிள்ளை கடலூரில் பிறந்தாலும் தமிழ்நாட்டு எஸ்சி ஒதுக்கீட்டுக்கு வராது. மத்திய அரசு இடங்களுக்கு, அப்பாவின் சான்றிதழின் அடிப்படையில் தகுதி உண்டு. பள்ளியில் சேர்க்க எந்தச் சான்றிதழும் தடையாக இருக்கக் கூடாது. கூலி விஷயத்தில், குறைந்தபட்சக் கூலி தொழிலுக்கும் வேலைத் திறனுக்கும் நிர்ணயிக்கப்படுவது. ஊரைப் பார்த்து, மொழியைப் பார்த்து அதற்குக் கீழே கொடுப்பது சட்டவிரோதம்.

எம்பிசி அட்டை இருக்கு. என்எல்சி விண்ணப்பத்துல ஓபிசின்னு போட்டேன், தள்ளிட்டாங்க. ஏன்?

மாநிலத்து எம்பிசி அட்டையை மத்திய அரசு ஓபிசியாக ஏற்காது. அதற்கு மத்திய அரசு படிவத்தில், வசதிப்பிரிவில் (கிரீமி லேயர்) வரவில்லை என்று குறிப்பிடும் தனி ஓபிசி சான்றிதழ் வேண்டும். இதையும் இ-சேவையில் வாங்கலாம். முதலில் உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாம் அங்கே இல்லை.

வசதிப்பிரிவுக்கான ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். இதில் தவறான புரிதல் மிக அதிகம். பெற்றோரின் அரசுச் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. அரசு ஊழியருக்குப் பதவிதான் அளவுகோல்: பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ-வில் சேர்ந்தவர், அல்லது இருவருமே நேரடியாக குரூப் பி-யில் சேர்ந்தவர்கள் என்றால் பிள்ளைக்கு ஓபிசி கிடையாது. கிளார்க்காக இருக்கும் அப்பாவும் ஆசிரியையாக இருக்கும் அம்மாவும் சேர்ந்து 14 லட்சம் வாங்குகிறார்கள் என்பதற்காக மறுக்க முடியாது. சில அலுவலகங்களில் சம்பளத்தையும் கூட்டி எழுதிவிடுகிறார்கள். 08.09.1993 தேதியிட்ட மத்திய அரசின் குறிப்பாணையைச் சுட்டி மனு கொடுங்கள்.

தேதியும் முக்கியம். அறிவிக்கை எந்தத் தேதிக்குள் என்று சொல்கிறதோ அதற்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள், அல்லது வெளியே.

அப்போ வருமானம் கம்மியா இருக்கற பிசிக்காரங்க இடபிள்யூஎஸ்ல போட்டுக்கலாமா?

மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருந்தால் முடியாது. மாநிலத்தில் பிசி, ஆனால் மத்திய பட்டியலில் இல்லை என்ற அபூர்வ நிலையில் மத்திய இடங்களுக்கு மட்டும் முடியும். இங்கே வருமானத்தில் சம்பளமும் விவசாயமும் எல்லாமும் சேரும், ஓபிசிக் கணக்குக்கு நேர் எதிர். 5 ஏக்கர் விவசாய நிலமோ 1000 சதுர அடி ஃப்ளாட்டோ இருந்தால் கிடையாது. தமிழ்நாடு அரசு தன் வேலை, படிப்புகளில் இடபிள்யூஎஸ்ஸை அமல்படுத்தவில்லை.

நாங்க இருளர். எஸ்டி சான்றுக்கு அலையா அலையுறோம். அப்பாவுக்கே சான்று இல்லைன்னா என்ன பண்றது?

கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கேள்வி இது. அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, நிலம் இல்லை, பட்டா இல்லை. ஆவணம் எங்கிருந்து வரும்? அப்பா இல்லாவிட்டால் அப்பா வழி உறவில் யாருக்குச் சான்றிதழ் இருக்கிறதோ அதன் நகலையும், அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவை வம்சாவளியாக எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடும் கொடுக்கலாம். எஸ்டிக்குக் கோட்டாட்சியர் நேரடி விசாரணை நடத்த வேண்டும். தெருவாக, குடியிருப்பாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒரே கள விசாரணையில் பல குடும்பங்கள் முடியும். தனித்தனியே போவதைவிட இது பலன் தருகிறது.

மறுத்தால் காரணம் எழுதிய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் மேல்முறையீடு செய்வது கடினம். "அப்புறம் வாங்க" என்பது உத்தரவு ஆகாது. தமிழ்நாட்டில் இருளர் எளிதில் பாதிப்புறும் பழங்குடிகள் ஆறில் ஒன்று. வீடு, மின்சாரம், சாலைக்கான தனித் திட்டங்களிலும் இந்தச் சான்றிதழ்தான் கேட்கப்படும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. புதுச்சேரியில் 2016 டிசம்பர் வரை எஸ்டி என்ற பட்டியலே கிடையாது. அப்போதுதான் வில்லி, வேட்டைக்காரன் உள்ளிட்ட இருளர் எஸ்டியாக அறிவிக்கப்பட்டார்கள். அதற்கு முன் வாங்கிய பழைய அட்டையோடு எஸ்டி இடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

எஸ்சியில பொறந்து சர்ச்சுக்குப் போறோம். என்ன ஆகும்?

1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) மட்டுமே எஸ்சி. கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிசி. எஸ்டிக்கு மதம் தடையில்லை. மீனவர் பதிவில் கிறிஸ்தவர்களும் எம்பிசிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது: கிறிஸ்தவ வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே வேலைக்காக மட்டும் இந்து எஸ்சி என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல. ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் விசாரணையில் எடுக்கப்படும். ஒரே தீண்டாமையை அனுபவிக்கும் ஒரே தெருக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்பதை வைத்துப் பிரிப்பது நியாயமா என்று கேட்டால், எங்கள் பார்வையில் இல்லை. ஆனால் இன்றைய சட்டம் இது, விண்ணப்பம் இதன்படிதான் பார்க்கப்படும்.

கலப்புத் திருமணம். பையனுக்கு யார் சாதி?

தமிழ்நாட்டில் அப்பா, அம்மா இருவரில் ஒருவரின் சாதியைத் தேர்ந்துகொள்ளலாம். உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் ஒன்றையே வாங்குங்கள். ஆளுக்கொன்றாக வாங்கினால் பின்னால் விசாரணை வரும். மத்திய அரசு இடங்களில் அப்பாவின் சாதி என்றே முதலில் கொள்வார்கள். ஆனால் அம்மாவின் எஸ்சி, எஸ்டி சமூகத்தில் வளர்ந்து அதே பாகுபாட்டை அனுபவித்ததாக நிரூபித்தால் அதை ஏற்கலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டிஎன்பிஎஸ்சியில ஒரே ஒரு இடம்னா அது யாருக்கு? 10.5 மாதிரி உள் ஒதுக்கீடு ஏன் நிக்கல?

ஒரு இடத்தைச் சதவீதத்தால் வெட்ட முடியாது என்பதற்காகத்தான் 200 புள்ளிச் சுழற்சி இருக்கிறது. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பதிவேடு. போன தேர்வு நின்ற புள்ளியிலிருந்து இந்தத் தேர்வு தொடரும். இந்த முறை எம்பிசி முறை என்றால் அந்த ஒரே இடம் எம்பிசிக்கு. பெண்களுக்கு 30, தமிழ்வழிப் படித்தவர்களுக்கு 20, மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் என்பவை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குறுக்காக ஓடும். தமிழ்வழிச் சலுகைக்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பாதியில் புதுச்சேரிப் பள்ளிக்கு மாறியவர்கள் இரண்டு பக்கமும் சான்று வாங்கி வைக்க வேண்டும்.

வன்னியருக்கான 10.5 சதவீதச் சட்டம் 2021-இல் வந்தது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 31.03.2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று அது சொல்லவில்லை. எம்பிசிக்குள் மற்றவர்களிலிருந்து பிரிக்க இன்றைய நிலையைக் காட்டும் போதிய தரவு இல்லை என்பதே காரணம். எஸ்சிக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 01.08.2024-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தரவு இல்லாத உள் ஒதுக்கீடு அடுத்த முறையும் நிற்காது. கடலூர் மாவட்டத்தில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. தீர்ப்பில் இருப்பது இதுதான்.

தனியார் கம்பெனியில இட ஒதுக்கீடு இல்ல. அப்போ நமக்கு ஒண்ணுமே இல்லையா? சாதி பேர் சொல்லித் திட்டினா?

வேலைக்கு எடுப்பதில் ஒதுக்கீடு இல்லை, உண்மை. ஆனால் 1989-ஆம் ஆண்டு எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கம்பெனி வாசலோடு நிற்பதில்லை. எஸ்சி, எஸ்டி அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம். வழக்குகள் தோற்பது "பொதுமக்கள் பார்வை" என்ற சொல்லில்தான்: நான்கு சுவருக்குள் இருவர் மட்டும் இருந்தபோது நடந்தது இதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புகாரில் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். நாகரிகம் கருதி "தகாத வார்த்தை" என்று எழுதாதீர்கள். இடம், நேரம், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பெயர்களும் வேண்டும்.

முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவையில்லை என்று 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. விசாரிப்பவர் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையக் கூடாது. நிவாரணத் தொகையில் ஒரு பகுதி முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே வர வேண்டும்; தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் 14566 என்ற எண்ணில் பதியலாம், எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

வேலை வேணாம், தொழில் செய்யறேன். எஸ்சிக்கு என்ன இருக்கு?

தமிழ்நாட்டில் சிறு தொழிலுக்கு தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) வழியாக 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் மானியம். பெரிய முதலீட்டுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 35 சதவீதம், 1.5 கோடி வரை, கூடவே 6 சதவீத வட்டி மானியம், வயது 55 வரை. புதுச்சேரியில் இதற்குப் பாட்கோவை (புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகம்) பார்க்க வேண்டும். இங்கும் எல்லை விதி உண்டு: தொழில் எந்தப் பக்கம் நடக்கிறதோ அந்தப் பக்கத்துத் திட்டம்.

பலர் கவனிக்காதது கொள்முதல். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு தொழில்களிடம் வாங்க வேண்டும், மொத்தக் கொள்முதலில் 4 சதவீதம், அந்த 25-க்குள்ளேயே, எஸ்சி, எஸ்டி உரிமையாளர்களிடம். என்எல்சிக்கும் இது பொருந்தும். சீருடை, அச்சு வேலை, உதிரி பாகம், வாகன வாடகை எதுவானாலும் உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசு இணையப் பதிவு) பதிவில் சமூகப் பிரிவு "எஸ்சி" என்று இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் "ஜெனரல்" என்று தட்டிவிடுகிறார்கள்; அப்படி இருந்தால் கணக்கில் வராது, இன்றே திருத்துங்கள். கூட்டு நிறுவனம் என்றால் எஸ்சி, எஸ்டி பங்கு 51 சதவீதமாவது வேண்டும். பெயருக்கு எஸ்சி பங்குதாரர், பின்னால் வேறொருவர் என்று நடத்துவது பிடிபட்டால் தடைப்பட்டியல்தான்.

வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. யாரோ என் சான்றிதழ் பொய்னு மனு போட்டுட்டாங்க.

எஸ்சி என்றால் மாவட்ட விழிப்புணர்வுக் குழு, எஸ்டி என்றால் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு விசாரிக்கும். நிரூபிக்கும் பொறுப்பு மனு போட்டவருக்கு இல்லை, உங்களுக்குத்தான். சான்றிதழ் பொய் என்று முடிவானால் எத்தனை ஆண்டு சர்வீஸ் என்றாலும், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்றாலும் வேலை போகும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நோட்டீஸ் வந்தால் தவணைக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், விசாரணை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். நகல் தராமல் ரத்து செய்தால் அதுவே மேலே போக ஒரு காரணம். அதிக எடை பெறுவது பழைய ஆவணம்: தாத்தா, அப்பாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டு நகல், பழைய பத்திரத்தில் சாதி எழுதிய பக்கம், பிறப்புப் பதிவு. பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். இதற்கு மாதக்கணக்கு ஆகும் என்பதால் நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல், அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் படித்த பள்ளியில் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.